இரண்டாவது இலை

1950 பிப்ரவரி 14, செவ்வாய்

மாசி பிறந்தும் விடியற்காலைப் பனி விடவில்லை. கிணற்றடியில் கால் வைத்தால் சில்லென்கிறது. பத்து மணிக்கு நான் பாடம் எடுக்கிற பள்ளிக்கூடத்து ஓடு கொதிக்கிறது. முற்றத்து வேம்பு இலை முழுவதையும் கொட்டித் தீர்ப்பது என்று முடிவு செய்துவிட்டது. காலையில் கூட்டினால் சாயங்காலம் கூட்டாத வாசல் போலக் கிடக்கிறது.

"மரம் கொட்டுதது அதுக்கு நல்லதுட்டி, நீ ஏன் மூஞ்சியத் தூக்குத?" என்கிறாள் அத்தை. கூட்டுவது நான். சொல்வதற்கு என்ன?

ரேஷன் அரிசியில் பாதி நொய், கால்வாசி கல். புடைத்து எடுத்து மூன்று பேருக்கு உலை வைத்தேன். வீட்டில் இருப்பது அத்தையும் நானும்தான். மூன்றாவது ஆள் பட்டாளத்துக்குப் போன அத்தை மகன், என் வீட்டுக்காரர். எந்த ராத்திரியில் வந்து கதவைத் தட்டினாலும் சோறு இல்லை என்று சொல்லக்கூடாது என்று ஆரம்பித்தது. மிஞ்சுவதில் நீரூற்றி வைப்பேன், காலையில் நாங்களே குடிப்போம். எட்டு வருஷமாக இதே கூத்து. அத்தை ஏன் என்று கேட்டதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

அமாவாசை. வாசலில் கோலம் இல்லை. இன்று அடுப்படிப் பக்கம் என்னை விடமாட்டாள். "மாமனுக்குப் படைக்கிற சோறு. தாலி போட்டவ தள்ளி நில்லு" என்று விரட்டிவிடுவாள். வாழைக்காய், அவரைக்காய், பாசிப்பருப்பு, வெங்காயம் கிடையாது. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது காக்காய் தின்றது போக மிச்சம் இருக்கும்.

வழக்கம்போல இரண்டு இலை. ஒன்று மாமனாருக்கு. மற்றது அத்தையின் மாமியாருக்கு என்று நினைக்கிறேன். அதில் மட்டும் ஒரு உருண்டை உளுந்தங்களி, குழித்து நல்லெண்ணெய் விட்டு, கருப்பட்டி வாசனையோடு. பல்லில்லாத கிழவி, களிதானே தின்றிருப்பாள்.

மிச்சக் களியை எனக்குத் தந்தாள். களிக்கு அத்தை கைதான். எனக்குக் கட்டி விழுந்துவிடும்.

பிப்ரவரி 25, சனி

இன்று தபாலில் ஒரு சின்ன அட்டைப் பெட்டி வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். உள்ளே ஒரு பதக்கம். வெள்ளி மாதிரி மினுங்குகிறது. ஒரு பக்கம் கிரீடம் வைத்த ராஜா தலை. மறுபக்கம் ஒரு சிங்கம், இரண்டு தலை உள்ள ஏதோ பிராணியை மிதித்துக்கொண்டு நிற்கிறது. விளிம்பில் பொடி இங்கிலீஷ் எழுத்தில் நம்பரும் பேரும். துரைப்பாண்டி.

இந்த நோட்டில் அவர் பேரை இதுவரை எழுதியதில்லை. இப்போது எழுதியாகிவிட்டது.

போன மாதம்தான் குடியரசுக் கொடி ஏற்றிப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தோம். ராஜாவே இல்லை என்று ஆன பிறகு ராஜா தலை வருகிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

நாற்பத்துநாலில் ஒரு காகிதம் வந்தது, "காணவில்லை" என்று. நாற்பத்தாறில் இன்னொன்று, "இறந்ததாகக் கருதப்படுகிறது" என்று. அன்று அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கருதுதவன் கருதிக்கிட்டுப் போறான். பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும்." யாரும் வரவில்லை. என் நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

இன்று பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செத்தவனுக்கு எவன் பதக்கம் கொடுப்பான்? இருக்கான், அதான் கொடுக்கான்" என்றாள். அதே கையோடு அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மார்ச் 5, ஞாயிறு

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சின்ன மாமா வந்தார். நல்லக்கண்ணு, என் மாமனாரின் தம்பி. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

தாலுகா கச்சேரியில் இம்மாதம் 26-ம் தேதி கூட்டமாம். பெரிய அதிகாரி வருகிறார். மாண்டு போன வீரர்களின் மனைவிமார் பதக்கத்தைக் கொண்டு வந்தால் அவர் கையாலேயே குத்திவிடுவாராம். கிராம முன்சீப் பட்டியலில் என் பேரும் இருக்கிறது.

"சந்தோசமான விசயம். ஆனா முப்பிடாதி, நீ பூவும் பொட்டுமாப் போயி நின்னா ஊரு என்ன பேசும்? விதவைக்குக் கொடுக்கிற மரியாதையை விதவையாத்தான வாங்கணும்?" என்றார்.

சொல்ல வந்தது அது மட்டும் இல்லை. சித்திரையில் அவர் மகள் பூமாரிக்குக் கல்யாணம். பங்காளி வீட்டுச் சாவுக்குக் காரியம் செய்யாமல் பந்தக்கால் ஊன்றினால் விளங்காது என்று மாப்பிள்ளை வீட்டார் நெருக்குகிறார்களாம். இத்தனை நாள் "வருவான்" என்று சொல்லிச் சமாளித்தார். இனி சர்க்காரே பதக்கம் அனுப்பிவிட்டது. தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, கருமாதி முடித்து, எனக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, கூட்டத்துக்கும் அப்படியே போய்விடலாம் என்கிறார். ஒரே செலவில் எல்லாம்.

அத்தை அவருக்கு மோர் கொடுத்தாள். உப்புப் போட மறந்துவிட்டாள்.

மார்ச் 6

தூக்கம் இல்லை. தாலிக்கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஆசை என்று சொல்வதா? அவர் முகம் பாதி மறந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம், மறு ஆனியில் பட்டாளம். பத்து மாதக் குடித்தனம். அதிலும் பாதி நாள் அவர் மேலநீலிதநல்லூர்க் காட்டில் பருத்தி பார்க்கப் போய்விடுவார். அவருக்கு என்ன கறி பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆனால் இதைக் கழற்றினால் நான் யார்? பள்ளிக்கூட விழாவில் குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிடுவார்களா? பிள்ளைகள் கொண்டுவரும் கனகாம்பரத்தை என்ன செய்வேன்? விடியக்காலை வாசல் தெளிக்கும்போது எதிரே வருகிறவன் திரும்பிப் போய்விட்டு வருவான். இருபத்தாறு வயசு. இன்னும் எத்தனை வருஷம் அப்படி?

மார்ச் 9, வியாழன்

காற்று மாறிவிட்டது. மத்தியானம் மேற்கேயிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. கரும்பலகையில் எழுதுவதற்குள் புழுதி படிகிறது. வேம்பில் செந்துளிர்.

நாலாம் வகுப்புக்குப் பூலித்தேவர் கதை சொன்னேன். நெல்கட்டாஞ்செவல் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெள்ளைக்காரக் கும்பினிக்கு நெல் கட்டமாட்டேன் என்றவர், பிடிபட்டு வரும் வழியில் நம் சங்கரநாராயணர் கோயிலில் சாமி கும்பிட்டுக்கொள்கிறேன் என்று கேட்டு உள்ளே போனார், விலங்கு மட்டும் கிடந்தது, ஆளைக் காணோம் என்று நம் ஊரில் சொல்வார்கள். பிள்ளைகள் கை தட்டின.

வீட்டுக்கு வரும்போது தெற்கு ரத வீதியில் நினைத்துக்கொண்டேன். பூலித்தேவர் மனைவிக்கு யார் வந்து சொன்னார்கள்? என்ன என்று சொன்னார்கள்? ஜோதியில் கலந்துவிட்டார் என்றா? அன்றைக்கு அவள் பூ வைத்துக்கொண்டாளா, எடுத்துவிட்டாளா? கதை சொல்கிற ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. நானும் இன்றுவரை கேட்டதில்லை.

கும்பினியை எதிர்த்த சீமை. அதே சீமையிலிருந்து இவர்கள் போய்ப் பர்மாவில் ராஜாவுக்காக நின்றார்கள். இவர் ஏன் போனார்? மழை இல்லை, பருத்தி இல்லை, பட்டாளத்தில் மூன்று வேளைச் சோறு. வீரமாம் வீரம்.

மார்ச் 13, திங்கள்

என்ன சொல்லி எழுத! பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அட்டைப் பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை.

"எங்க அத்தை?"

"கோயிலுக்குப் போனேன். உண்டியல்ல போட்டுட்டேன்."

"எதை?"

"அதைத்தாம்ட்டி. சிங்கத்துக் காலுக்குக் கீழ பாத்தியா? ரெண்டு தலைப் பாம்பு. சங்கனும் பதுமனும்லா அது! நாகராசாக்க ரெண்டு பேரையும் ஒருத்தன் மிதிச்சுக்கிட்டு நிக்கான், அதை வீட்டுக்குள்ள வச்சிருக்கலாமா? வீட்டுல பாம்பு நுழைஞ்சா வெள்ளிப் பாம்பு வாங்கி உண்டியல்ல போடணும். நுழைஞ்சதே வெள்ளிப் பாம்புதான். கொண்டுபோய்ப் போட்டேன்."

சொல்லிவிட்டு நெற்றியில் புற்றுமண் பூச வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். படித்துப் படித்துச் சொன்னேன், அது பாம்பு இல்லை, வெள்ளைக்காரன் கதையில் வருகிற ஏதோ மிருகம் என்று. "உனக்குத் தெரியாதுட்டி" என்கிறாள். எனக்குத் தெரியாதாம்!

மார்ச் 15, புதன்

சின்ன மாமாவுக்குச் சேதி போய்விட்டது. நேராகக் கோயில் ஆபீசுக்குப் போய் மல்லுக்கட்டியிருக்கிறார். உண்டியலில் விழுந்தது சாமி சொத்து, எண்ணும்போது எல்லா உருப்படியோடும் சேர்ந்துவிடும், திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். எத்தனையோ ஆயிரம் பாம்பும் தேளும் கண்ணும் காலும் கிடக்கிற பெட்டி. அதற்குள் ராஜா தலை.

முற்றத்தில் நின்று கத்தினார். "மதினி, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? பெத்த மகனுக்கு வந்த மரியாதையைக் கொண்டுபோய்..." குரல் உடைந்துவிட்டது. அவர் தூக்கி வளர்த்த அண்ணன் மகன்தானே.

அத்தை திரிகையில் உளுந்து உடைத்துக்கொண்டே இருந்தாள்.

பதக்கம் இல்லாமல் கூட்டத்துக்கு எப்படிப் போவது? பட்டியலிலிருந்து என் பேரை எடுத்துவிடச் சொல்லிவிட்டாராம். பூமாரி கல்யாணத்தையும் தள்ளிப் போடுகிறார்கள். பாவம் அந்தப் பெண். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 18

அமாவாசை. இரண்டு இலை. களி.

மார்ச் 26, ஞாயிறு

போகக்கூடாது என்றிருந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாட வேண்டும், டீச்சர் வராமல் எப்படி? போனேன். கச்சேரி மைதானத்தில் ஒரு நிழல் இல்லை. பிள்ளைகள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாடின.

வெள்ளைச் சேலையில் ஒரு வரிசை. நாலாவதாக மேலநீலிதநல்லூர் இசக்கித்தாய். எனக்கு அவளைத் தெரியும், என்னைவிடச் சின்னவள். அதிகாரி பேரைப் படித்தார், பக்கத்தில் வந்தார், பெண்பிள்ளை மேல் எங்கே குத்துவது என்று தெரியாமல் திகைத்தார். கடைசியில் அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் அதை வாங்கி என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள், சந்தைக்கு வந்தவள் சில்லறையை முடிவதுபோல. எல்லாரும் கை தட்டினார்கள். என் பிள்ளைகளும் தட்டின. நான் தட்டினேனா? நினைவில்லை.

அவள் திரும்பும்போது என்னைப் பார்த்தாள். என் தலையில் பூ. தலையைக் குனிந்துகொண்டது நான்தான்.

ஏப்ரல் 3

நேற்று இரவு சந்திர கிரகணம். தண்ணீர்ப் பானையில் தர்ப்பை போட்டு மூடினேன். அத்தைக்குக் கால் வீங்கியிருக்கிறது.

ஏப்ரல் 10, திங்கள்

காய்ச்சல். கால் வீக்கம் முழங்கால் வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி மருந்தைக் குடிக்கிற மாதிரி வாயில் வைத்துத் துப்பிவிடுகிறாள். கஞ்சி இரண்டு வாய். பேச்சு மட்டும் குறையவில்லை. "கஞ்சியா இது? சுவருக்கு அடிக்கலாம்."

ஏப்ரல் 14, வெள்ளி

சித்திரை பிறந்தாயிற்று. வேம்பு பூத்துக் கொட்டுகிறது. மாசியில் இலை, சித்திரையில் பூ, எனக்கு ஓய்வு கிடையாது. ஒரு முறம் அள்ளி, நெய் இல்லாமல் நல்லெண்ணெயிலேயே வறுத்து ரசம் வைத்தேன். அத்தை ஒரு மடக்குக் குடித்துவிட்டு "நல்லாருக்கு" என்றாள். இத்தனை வருஷத்தில் என் சமையலை இப்படிச் சொன்னது முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை. வைதிருந்தால் தேவலை.

ஏப்ரல் 17, திங்கள்

எழுதினால்தான் மனசு அடங்கும்.

இன்று அமாவாசை. அத்தையால் எழுந்திருக்க முடியவில்லை. காலையில் கூப்பிட்டாள். "குளிச்சிட்டு வந்து நீயே சமை" என்றாள். "தாலி போட்டவ தள்ளி நிக்கணும்னு சொல்லுவீங்களே?" என்றேன். "இன்னைக்கு நில்லாத" என்றாள்.

வாழைக்காய், அவரைக்காய், பருப்பு எல்லாம் ஆயிற்று. அடுத்தது களி. படுத்த இடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். மாவை வறுத்துப் போடு, கருப்பட்டிப் பாகை வடிகட்டு, ஒரே பக்கமாக் கிண்டு, கையை எடுக்காதே.

நான் சும்மாதான் சொன்னேன். "உங்க மாமியாருக்கு ரொம்பப் பிடிக்குமோ?"

"எந்த மாமியா?"

"ரெண்டாவது இலை..."

"அவ களியக் கண்ணாலயும் பாக்கமாட்டா. அவனுக்குட்டி." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சின்னதுல வீட்டுப் பொம்பளப் பிள்ளை எதாவது வயசுக்கு வந்துச்சுன்னா இவன்தான் முதல் ஆளாப் போயி உக்காந்துருவான், களிக்கு. பயக்க எல்லாம் கேலி பண்ணுவானுக. விடமாட்டான்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. களி அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் இறக்கினேன்.

பிறகு அத்தையே எல்லாம் சொன்னாள். நாற்பத்தாறில், அந்தக் கருதப்படுகிற காகிதம் வந்த மறுமாதம், நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது ஒரு ஆள் வந்திருக்கிறார். ராயகிரி ரசூல். பட்டாளத்தில் அவரோடு ஒரே செக்ஷனில் இருந்தவர். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மழை, வண்டி போகாத காடு. ரசூல் மடியில் தலை வைத்துத்தான் உயிர் போச்சாம். குழி தோண்டியதும் இவர்தானாம். அவரிடம் அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "ஐயா, இதை வேற யார்ட்டயும் சொன்னியா?" இல்லை என்றிருக்கிறார். "இனியும் சொல்லாத. வீட்டுல மருமக இருக்கா, சின்னப் பிள்ளை." சோறு போட்டு அனுப்பிவிட்டாள். மூன்றாவது ஆளின் சோறு. அன்றைக்கு அது ரசூலுக்கு.

"அந்தப் பாம்பு?" என்று கேட்டேன்.

"பாம்பும் இல்ல, மண்ணும் இல்ல. பதக்கம் கையில இருந்தாத்தான உன்னைக் கொண்டு நிறுத்துவானுக? சாமிகிட்டப் போயிட்டா எவன் கேப்பான்?"

காக்காய் உடனே வந்தது. அடிப்பிடித்த களியைத்தான் முதலில் கொத்தியது.

ஏப்ரல் 18

நாலு வருசம்! நாலு வருசம் மூணு பேருக்கு உலை வச்சேனே, பாத்துக்கிட்டுத்தான இருந்த? வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்திரிச்சு உக்காருவேனே, பக்கத்துலதான படுத்திருந்த? எனக்குத் தெரியக்கூடாதா? அழுவதற்கு எனக்குப் பாத்தியதை இல்லையா? நீ மட்டும் மாசம் ஒரு நாள் படைச்சு அழுதுக்கிட்ட. எனக்கு என்ன கொடுத்த? களி!

ஏப்ரல் 19

கிழவியோடு பேசவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, வெள்ளி

இன்று கஞ்சி இறங்கவில்லை. கரண்டியில் எடுத்து வாயைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோவமா?" என்றாள். "ஆமா" என்றேன். "இருக்கட்டும்" என்றாள். "அது கிடக்கட்டும் கழுத்துல. எனக்கு முப்பது வயசுல எடுத்தானுக. அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும்ட்டி."

காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக அழுதேனா அவளுக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஏப்ரல் 24, திங்கள்

காலையில் போய்விட்டாள். பேச்சித்தாய் அத்தை. சின்ன மாமா கொள்ளி வைத்தார். சாயங்காலம் கோடை மழை, அரை மணி நேரம், புழுதி அடங்கும் மட்டும்.

மே 9, செவ்வாய்

பதினாறாம் நாள் காரியம். சின்ன மாமா வீட்டுச் சங்கரம்மாள் அத்தை ஒரு வெள்ளைச் சேலையையும் சேர்த்தே கொண்டுவந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லாரும் உள்ளே வந்து என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

வாசற்படியில் நின்று சின்ன மாமா சொன்னார்: "மதினியும் போயிட்டா. இனி யாருக்காக இதை வச்சுக்கிட்டு இருக்க? ரெண்டையும் ஒண்ணா முடிச்சிருவோம் மக்கா. எனக்கும் இது சந்தோசமா?"

எழுந்து நின்றேன்.

"மாமா, பதக்கத்தை அத்தை சாமிகிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிருக்காங்க. அவரைப் பத்தின பேச்சு இப்ப சங்கரநாராயணர் கையில இருக்கு. சாமி என்னைக்கு உண்டியலத் திறந்து அதை உங்க கையில கொடுக்காரோ, அன்னைக்கு வாங்க. நானே கழட்டித் தாரேன். அதுவரைக்கும் என் கழுத்துல ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."

சின்ன மாமா கோயில் கோபுரம் இருக்கிற திசையை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, எந்திரிங்க" என்று பெண்களைக் கிளப்பினார். பூமாரி கல்யாணத்தை மாப்பிள்ளை ஊரிலேயே வைத்துக்கொள்ளப் போகிறாராம். எனக்குப் பத்திரிகை வராது. வர வேண்டாம்.

மே 16, செவ்வாய்

அமாவாசை. பள்ளிக்கூடம் விடுமுறை. வேம்பில் காய் பிடித்துவிட்டது. வாசலில் கோலம் போடவில்லை.

ஒரு ஆளுக்குத்தான் உலை வைக்க வேண்டும். கை பழக்கத்தில் மூன்று பேருக்கு அளந்துவிட்டது. அளந்ததைத் திருப்பிக் கொட்டவில்லை. மூன்று இலை போட்டேன். களியில் இன்று கட்டி விழவில்லை.

படைத்துக்கொண்டிருக்கும்போது கோயிலுக்கு வந்த சங்கரம்மாள் அத்தை, காரியத்தன்று விட்டுப்போன முறத்தைக் கேட்டு வந்தாள். இலைகளை எண்ணினாள்.

"உன் மாமனுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு. அது யாருக்கு முப்பிடாதி, களி வச்சிருக்கது?"

"அத்தையோட மாமியாருக்கு" என்றேன். "அவங்களுக்குப் பல்லு கிடையாதுல்லா."

கிழவி போன பிறகு கல்யாணமாகி வந்தவள், "ஆமா, ஆமா" என்று தலையாட்டிக்கொண்டு முறத்தோடு போனாள். அடுப்புச் சூட்டில் பொட்டு வழிந்திருந்தது. கண்ணாடி பார்த்துத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்துக்கொண்டு, காக்காயைக் கூப்பிட்டேன்.